இருபது வேலியும் மூன்று மூட்டையும்

பத்து வயதில் எனக்கு இருபது வேலி நஞ்சை இருந்தது. இருபது வேலி என்றால் ஏறக்குறைய நூற்று முப்பது ஏக்கர். எங்கள் குடவாசல் பக்கத்தில் அந்த அளவுக்கு வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். என் நிலத்துக்கு அந்தக் கதி வர வாய்ப்பில்லை, ஏனென்றால் அது ஒரு கட்டம் போட்ட நோட்டுக்குள் இருந்தது. வடக்கே ஆறு, கிழக்கே கோட்டை, கோட்டைக்குப் பின்னால் மலை, மலை உச்சியில் நானும் அண்ணனும் சேர்ந்து கொன்ற டிராகனின் எலும்புக்கூடு. அந்த நிலத்தை ஒருநாள் ஒருவர் வந்து கேட்டார். கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

விளையாட்டைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வழக்கமாகப் பொங்கலுக்கு இரண்டு நாள், தீபாவளிக்கு ஒன்றரை நாள் என்று வந்துபோகிறவர், அந்தக் கோடையில் பெரிய பெட்டியோடு வந்து இறங்கினார். லீவு நிறையச் சேர்ந்துவிட்டது, எடுக்காவிட்டால் வீணாகப் போய்விடும் என்றார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நன்னிலத்தில் ஒரு பெண் இருக்கிறது, இந்தத் தடவை பார்க்காமல் உன்னை விடப்போவதில்லை என்று அன்று மாலையே ஆரம்பித்துவிட்டாள். அப்பாவுக்கும் சந்தோஷம்தான். உளுந்து எடுத்து முடித்து, மேட்டூர் திறக்கும்வரை சும்மா இருக்கும் நாட்கள் அவை. பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்தது.

பெட்டியிலிருந்து நானும் அண்ணனும் சாக்லேட்டை எதிர்பார்த்தோம். ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகமும், நோட்டும், ஒரு சுருக்குப்பையும் வெளியே வந்தன. பைக்குள் விதவிதமான பகடைகள். எங்களுக்குத் தெரிந்த பகடைக்கு ஆறு முகம். இதில் ஒன்றுக்கு இருபது முகம் இருந்தது. பச்சை நிறம், கையில் வைத்தால் நெல்லிக்காய் போல இருக்கும். அதற்கு நெல்லிக்காய் என்றே பெயர் வைத்துவிட்டோம்.

எங்கள் வீட்டின் பின்கட்டில் நெல் மூட்டை அடுக்கும் அறை ஒன்று உண்டு. கோடையில் அது காலியாகக் கிடக்கும், வீட்டிலேயே குளிர்ச்சியான தரை அங்கேதான். மதியச் சாப்பாடு முடிந்ததும் மூவரும் அங்கே போய்ப் பாயை விரித்து உட்காருவோம். அம்மா வாசற்படியில் அரிவாள்மணையோடு உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்குவாள்.

விளையாட்டு என்றால் பலகை இருக்கும், காய் இருக்கும், கடைசியில் ஒருவர் ஜெயிப்பார் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாமா முதல் நாளே எங்களைக் குழப்பினார்.

"நீங்க ரெண்டு பேரும் ரெண்டு ஆளு. மத்த எல்லாம் நான்" என்றார்.

மற்ற எல்லாம் என்றால் ராஜா, திருடன், சத்திரக்காரி, மழை, டிராகன், கடைத்தெரு, கடைத்தெருவில் விற்கிற கத்தரிக்காய் எல்லாமே அவர்தான். நாங்கள் செய்ய நினைப்பதை வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் நெல்லிக்காயை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் பலிக்கும், சின்ன எண் விழுந்தால் அடிபடும்.

"கடைசியில யாரு மாமா ஜெயிக்கிறது?" என்று அண்ணன் கேட்டான். அவனுக்குப் பதிமூன்று வயது, ஜெயிக்காத விஷயம் எதிலும் அவன் இறங்குவதில்லை.

"யாரும் ஜெயிக்கறதில்லடா. நடந்துக்கிட்டே இருக்கும்."

"அப்புறம் எதுக்கு விளையாடறது?"

மாமா நெல்லிக்காயை அவன் கையில் வைத்தார். "விளையாடிப் பாரு" என்றார்.

அண்ணன் வாள்வீரன் ஆனான். நான் மந்திரக்காரி. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள் என்பதால் பொக்கிஷப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. நான்கு நாள் குகைகுகையாக அலைந்து, ஐந்தாம் நாள் டிராகனைக் கொன்றோம். அண்ணன் உருட்டிய நெல்லிக்காயில் இருபது விழுந்தது. "அந்தப் பல்லி செத்துச்சா?" என்று அம்மா வாசற்படியிலிருந்து கேட்டாள். டிராகனின் படத்தைப் புத்தகத்தில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அது பல்லிதான். பல்லியின் குகையில் பதினாறாயிரம் தங்கக் காசு கிடைத்தது. நோட்டில் அந்த எண்ணை எழுதிவிட்டுப் பூஜ்யங்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தது இப்போதும் நினைவிருக்கிறது.

பணம் வந்ததும் நாங்கள் செய்ததை வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளும் செய்திருக்க மாட்டார்கள் என்று மாமா பின்னாளில் ஒரு கல்யாணப் பந்தியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். புத்தகத்தில் அதற்கென்றே ஒரு விலைப்பட்டியல் இருந்தது. மந்திர வாள், வெள்ளிக் கவசம், பறக்கும் குதிரை. நாங்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. முதல் காரியமாக ஊருக்குத் திருவிழா எடுத்தோம். மூன்று நாள் அன்னதானம், வாணவேடிக்கை. கடைசி நாள் வீட்டுக்குப் பத்துத் தங்கக் காசு. கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வசூலிக்க வருவார்களே, அதையே நான் தலைகீழாகச் செய்தேன். ஊரில் இருநூறு வீடு. இரண்டாயிரம் காசு போனது. எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள் என்று மாமா சொன்னார்.

மறுநாள் காலை சத்திரத்தில் முட்டை கேட்டோம். ஒரு செப்புக் காசு விற்ற முட்டை ஒரு வெள்ளிக் காசு என்றார் மாமா, சத்திரக்காரியின் குரலில். வெள்ளி என்றால் பத்துச் செப்பு.

"நேத்து ஒரு செப்புதானே மாமா?"

"நேத்து யாரு கையிலயும் காசில்ல. இன்னிக்கு எல்லாரு கையிலயும் தங்கம். கோழி மட்டும் அதே அம்பது கோழி. தங்கம் குடுத்தா கூட ஒரு முட்ட போடுமா அது?"

"நாங்க பணக்காரங்கதானே?"

"பணக்காரங்கதான்."

"அப்புறம் ஏன் நேத்து வாங்கினத இன்னிக்கு வாங்க முடியல?"

மாமா ஆனந்தமாகச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அன்று மாலை முழுக்க நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னிடம் மீதமிருந்த காசு அப்படியே இருந்தது. அதற்கு வரக்கூடிய முட்டைகள் மட்டும் பத்தில் ஒரு பங்காகிவிட்டன. குறைந்துபோன முட்டைகள் எங்கே போயின? மாமா எங்கோ ஏமாற்றுகிறார் என்று சந்தேகப்பட்டு அப்பாவிடம் போய்ச் சொன்னேன். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் ஏறியதும் குடவாசலில் ஆட்டுக்கறி விலை ஏறுகிறதே, அதைப்போலத்தான் இதுவும் என்றார் அப்பா. அதுவும் எனக்கு விளங்கவில்லை. நாங்கள் ஆட்டுக்கறி வாங்குவதே அந்த ஒரு வாரத்தில்தான், மற்ற நாள் விலை எனக்கு எப்படித் தெரியும்?

இருந்தாலும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். முட்டை வேண்டுமென்றால் கோழி வேண்டும். கோழிக்குத் தீனி வேண்டும். தீனிக்கு நெல் வேண்டும். மறுநாள் மதியம் பாயில் உட்கார்ந்ததும் கேட்டேன்: "மாமா, அந்த ஊர்ல நஞ்சை என்ன வெல?"

மாமா புத்தகத்தைப் புரட்டினார். ஐம்பதடிக் கயிற்றுக்கு விலை இருந்தது. கோவேறு கழுதைக்கு விலை இருந்தது. பேய் ஓட்டும் எண்ணெய்க்கும் விலை இருந்தது. நஞ்சைக்கு விலை இல்லை. அதைவிட மோசம், அந்த ஊரில் ஆறே இல்லை. ஆறில்லாத இடத்தில் எப்படி ஊர் வந்தது என்று அண்ணன் சண்டைக்குப் போனான். மாமா பென்சிலை எடுத்து வடக்கே ஒரு ஆறு வரைந்தார். தலைமதகு எங்கே என்றேன், வரைந்தார். வாய்க்கால், வடிகால், களத்துமேடு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து, புத்தகத்தில் இருந்த அந்த வெள்ளைக்காரர்களின் ஊர் மாலைக்குள் எங்கள் ஊராகிவிட்டது.

"ஊர்ல எல்லா நெலத்துக்கும் ஆளு இருக்கு. ஆத்தோரம் இருபது வேலிதான் சும்மா கெடக்குது" என்றார் மாமா. "அந்த நெலத்துக்காரன் ஏழு வருஷம் முன்னாடி ராஜாவோட படையில சேந்து தூரதேசம் போயிட்டான். கோரையா மண்டிக் கெடக்குது. வேணும்னா நீங்க பாத்துக்கலாம். அறுவடை ஆச்சுன்னா அவனுக்கு ரெண்டு மூட்ட அனுப்பணும்."

"எழுத்து ஒண்ணும் வேணாமா?" என்றான் அண்ணன்.

"பாத்துக்கறதுக்கு எதுக்குடா எழுத்து?"

இது எங்களுக்குத் தெரிந்த ஏற்பாடுதான். தாத்தா இறந்த பிறகு அவருடைய பன்னிரண்டு மா நிலம், அதாவது நான்கு ஏக்கர், மாமாவுக்கு என்றானது. அம்மாவுக்குக் கல்யாணத்தின்போதே நகை போட்டாகிவிட்டதால் அவள் பெயர் பேச்சிலேயே வரவில்லை. மாமா சென்னைக்குப் போனார், நிலம் இரண்டு வருஷம் தரிசாகக் கிடந்தது. அப்பாவின் ஒன்பது மாவுக்கு அடுத்த வரப்பு அது. கண்ணெதிரே தரிசு கிடப்பதைச் சகிக்க முடியாமல் அப்பா அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். போர்வெல் போட்டார், மேட்டைத் தட்டிச் சமன் செய்தார். ஒவ்வொரு தை அறுவடைக்குப் பிறகும் நெல்லை அரைத்து இரண்டு மூட்டை அரிசி சென்னைக்குப் பார்சலில் போகும். மூட்டையின்மேல் மாமாவின் விலாசத்தை அம்மா மார்க்கரால் எழுதுவாள். ஆற்றையும் வாய்க்காலையும் எங்கள் ஊரிலிருந்து எடுத்ததுபோல மாமா இதையும் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் கிடைத்ததுபோல ஒரு சந்தோஷத்தை நான் பிறகு அனுபவித்ததில்லை. கோரையை அழித்தோம், கூலி கொடுத்தோம், மதகு கட்டினோம், நாற்று விட்டோம். ஒரு வருஷம் வெள்ளம் வந்து எல்லாம் போனது. நெல்லிக்காயில் இரண்டு விழுந்ததால் வந்த வெள்ளம் அது. அடுத்த வருஷம் விளைந்தது. அரவைமில் வைத்தோம். கோழிகள் ஐந்நூறு ஆயின. முட்டை மறுபடியும் ஒரு செப்புக்கு வந்த அன்று நான் பாயில் எழுந்து நின்று ஆடினேன். கூலிக்காரர்கள் கடையில் வாங்கினார்கள், கடைக்காரர் எங்களிடம் நெல் வாங்கினார், அந்தக் காசு மறுபடி கூலிக்குப் போனது. ஒரே காசு சுற்றிச் சுற்றி வந்து எப்படி எல்லோருக்கும் சோறு போடுகிறது என்பது விளங்கவே இல்லை, ஆனால் போட்டது. படைவீரனுக்கு வருஷம் தவறாமல் இரண்டு மூட்டை அனுப்பினோம், நோட்டில் அதற்குத் தனிப் பக்கம்.

அந்த நாட்களில் மாமா அதிகாலையில் எழுந்து வரப்பில் நடந்துவிட்டு வருவார். போர்வெல் எத்தனை அடி, மண் எந்த ரகத்துக்கு ஆகும், குறுவைக்கு ஏக்கருக்கு என்ன செலவு பிடிக்கும் என்று அப்பாவிடம் கேட்பார். முதலில் ஆர்வமாகப் பதில் சொன்ன அப்பா, போகப்போக, "வெயில்ல அலையாதீங்க மாப்ள" என்று முடித்துக்கொண்டார். மாமாவின் போன் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. லீவு எப்போது முடிகிறது என்று அம்மா கேட்டால், "இன்னும் இருக்குக்கா" என்பார். நன்னிலத்துப் பெண்ணைப் பார்க்க மட்டும் கடைசிவரை வரவில்லை.

ஜூன் பிறந்தது. பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தன. ஒரு மதியம் மாமா நோட்டில் எங்கள் நிலம் இருந்த பக்கத்தைத் திறந்து வைத்தார். பிறகு, "ஊர் வாசல்ல ஒரு ஆளு வந்து நிக்கறான். தோள்ல ஒரு பை. நான்தான் அந்த நெலத்துக்காரன்ங்கறான்" என்றார்.

மாமா ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குரல் வைத்திருப்பார். ராஜாவுக்குக் கட்டைக்குரல், திருடனுக்கு மூக்கால். இந்த ஆளுக்கு அவர் எந்தக் குரலும் வைக்கவில்லை. தன் குரலிலேயே பேசினார்.

"போர் முடிஞ்சிடுச்சு, போகச் சொல்லிட்டாங்க. நீங்க நெலத்த நல்லா வச்சிருக்கீங்க. நான் முழுசாக் கேக்கல. பாதி விட்டீங்கன்னா உழுது பொழச்சுக்குவேன்."

அண்ணன் வாளை உருவிவிட்டான். "நான் சண்ட போடறேன்!"

"அவன் கையில ஆயுதமே இல்லடா."

"பட்டா யாரு பேர்ல இருக்குன்னு கேளுங்க அப்ப."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். டிராகன் நடமாடிய ஊரில் பட்டா. வாசற்படியில் அம்மாவும் சிரித்தாள். "இன்னும் அவங்கப்பா பேர்லதான் இருக்காம்" என்றார் மாமா. அதன்பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள் என்று நான் மாறி மாறிப் பார்த்தேன்.

பொறுப்பு என்னுடையது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நிலம் அவருடையதுதான். ஆனால் கோரையை அழித்தது நாங்கள். மதகும் மில்லும் எங்கள் டிராகன் பணம். பாதியைக் கொடுத்தால் ஐந்நூறு கோழிக்குத் தீனி எங்கிருந்து வரும்?

"நெல்லிக்காய உருட்டட்டுமா மாமா?"

"இதுக்கு டைஸ் கெடையாது. நீதான் சொல்லணும். அவசரமில்ல, அவன் சத்திரத்துல தங்கிக்குவான். நாளைக்குச் சொல்லு."

மறுநாள் காலை எல்லோரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நிலத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? எனக்குத் தெரிந்தவர்களில் நிலத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் அப்பாதான். டிராகன், மந்திரம் என்று ஆரம்பித்தால் அவர் காது கொடுக்க மாட்டார் என்பதால் அதையெல்லாம் விலக்கிவிட்டுப் பக்குவமாகக் கேட்டேன்.

"அப்பா, ஒருத்தரோட நெலத்த நாம பாத்துக்கிட்டிருக்கோம். தரிசாக் கெடந்துச்சு, நாமதான் செலவு பண்ணித் திருத்தினோம். வருஷா வருஷம் ரெண்டு மூட்ட அனுப்பிட்டோம். இப்ப அவர் திரும்பி வந்து பாதிய விடுங்கங்கறார். விடலாமா?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தார்.

"யாரு கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கேக்கறேன்."

"அத்தான், அது வெளையாட்டு. நாங்க மத்தியானத்துல..." என்று மாமா அவசரமாக ஆரம்பித்தார்.

"இருக்கட்டும் மாப்ள. வெளையாட்டுக்கே பதில் சொல்றேன்." அப்பா இட்லியைப் பிட்டு, சட்னியில் தொட்டு, சாப்பிடாமல் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் என்னிடம் பேசுகிற குரலாக இல்லை. "தரிசாக் கெடந்தப்ப அவர் எங்க இருந்தாரு? தண்ணி இல்லாம பயிர் காஞ்சப்ப ராத்திரி பகலா நின்னது யாரு? அத நம்பி ஒரு குடும்பம் இருக்குல்ல? பாதிய விட்டுட்டு அந்தப் பிள்ளைங்கள எப்படிப் படிக்க வைக்கறது? விட வேணாம். வேணும்னா இனிமே மூணு மூட்டையா அனுப்பு."

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். குழாய் திறந்த சத்தம் கேட்டது. எதையும் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை.

மாமா தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். "சாம்பார் நல்லாருக்குக்கா" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. பதில் கிடைத்துவிட்டது, அதிலும் நியாயமான பதில். சும்மா இல்லை என்று சொல்லவில்லை, ஒரு மூட்டை கூடுதலாக அல்லவா கொடுக்கிறோம்? மதியம் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பொக்கிஷக்காரிக்குரிய கம்பீரத்தோடு தீர்ப்பைச் சொன்னேன்.

"நெலத்த விட முடியாது. அத நம்பி ஒரு குடும்பம் இருக்கு. இனிமே மூணு மூட்டையா அனுப்பறோம்."

மாமா நோட்டில் எழுதிக்கொண்டார். அப்போது வாசற்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"குடுத்துடுடி."

இத்தனை நாளில் அவள் விளையாட்டுக்குள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கத்தரிக்காய் விலையைக் கேட்பாள், பல்லியைக் கிண்டல் செய்வாள், அவ்வளவுதான். அரிவாள்மணையில் பாதி நறுக்கிய வாழைக்காயோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளுக்குப் பாதியக் குடுத்துடு. போதும் நமக்கு."

எனக்குக் கோபம் வந்தது. காலையில் அப்பா ஒன்று சொல்கிறார், மதியம் இவள் ஒன்று சொல்கிறாள். "நீ சொல்லக் கூடாதும்மா. நீ வெளையாட்டுலயே இல்ல" என்றேன்.

அம்மா மறுபடியும் குனிந்து வாழைக்காயை நறுக்க ஆரம்பித்தாள்.

"அந்த ஆளு இப்ப என்ன பண்றான் மாமா?" என்று அண்ணன் கேட்டான். திருப்பி அடிக்க வருவான் என்று எதிர்பார்த்து நெல்லிக்காயைக் கையில் தயாராக வைத்திருந்தான்.

"கும்பிட்டுட்டுப் போறான்."

"எங்க?"

"அது எனக்கும் தெரியலடா" என்றார் மாமா. எல்லாமே அவர்தான் என்று சொன்ன விளையாட்டில் அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து லீவு முடிந்துவிட்டது என்று கிளம்பினார். நோட்டையும் நெல்லிக்காயையும் என்னிடம் கொடுத்தார். அப்பாதான் பைக்கில் வைத்துக் குடவாசல் பேருந்து நிலையத்தில் விட்டுவந்தார். நானும் பெட்ரோல் டேங்க்மேல் உட்கார்ந்து போனேன். பேருந்து புறப்படும்போது அப்பா ஜன்னலருகே போய் ஏதோ சொல்ல வாயெடுத்து, "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். திரும்பும் வழியில் வாய்க்கால் எல்லாம் காய்ந்து கிடந்தது. மேட்டூர்த் தண்ணீர் இன்னும் வரவில்லை.

மாமாவின் கம்பெனி அந்த வருஷம் பிப்ரவரியிலேயே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டது என்பதை நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். ஊரோடு வந்து நிலத்தைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு வந்தவர், ஒரு மாதமாக வாயைத் திறக்க முடியாமல் இருந்திருக்கிறார். பிள்ளையைத் தூது விட்டுக் கேட்கிறார் என்று அப்பா நினைத்துவிட்டார். மாமா அப்படி விட்டாரா, இல்லை மனதில் கிடந்தது வாயில் வந்துவிட்டதா, எனக்குத் தெரியாது. அவர் இப்போது கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறார், விசேஷங்களுக்கு வருகிறார், எங்கள் முட்டைக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கிறார். படைவீரன் கதையைச் சொல்வதில்லை. நானும் கேட்டதில்லை. அப்பாவைக் கெட்டவராக எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது மாவை மட்டும் வைத்து அவர் எங்கள் இருவரையும் படிக்க வைத்திருக்க முடியாது. இதை எழுதுகிற கையைப் படிக்க வைத்ததில் அந்தப் பன்னிரண்டு மாவுக்கும் பங்குண்டு. இதையெல்லாம் எந்தப் பக்கத்தில் எழுதிக் கூட்டுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த வருஷத் தை அறுவடை முடிந்து அரிசி அரைத்து வந்தது. பார்சலுக்கு மூன்று மூட்டைகளைத் தனியாக எடுத்து வைத்தார் அப்பா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் தீர்ப்பு விளையாட்டோடு நிற்காமல் வீட்டிலும் செல்லுபடியாகிவிட்டதே. மூன்றின்மேலும் அம்மா விலாசம் எழுதினாள். ஒரு வாரம் கழித்துப் பார்சல் ஆபீசிலிருந்து போன் வந்தது. அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை, வீட்டைக் காலி செய்து பல மாதம் ஆகிறது என்றார்கள்.

மூன்று மூட்டையும் ஒரு குட்டியானை வண்டியில் திரும்பி வந்தன. ஆளைக் கூப்பிடாமல் அப்பாவே ஒவ்வொன்றாக முதுகில் சுமந்துபோய்ப் பின்கட்டு அறையில் இறக்கினார். இறக்கிவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

நான் நோட்டை எடுத்துவந்தேன். எங்கள் ஊரின் வரவுப் பக்கத்தைத் திறந்து, 'நிலத்துக்காரர் வாங்கிக்கொள்ளவில்லை, அரிசி மூன்று மூட்டை' என்று எழுதி, மொத்தத்தோடு கூட்டினேன். அந்த ஊர் தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு நல்ல வருஷம் எங்களுக்கு வாய்த்ததில்லை. அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

அவள் நோட்டைக் கையில் வாங்கி அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டல் சரியா என்று பார்க்கிறாள் என்று நினைத்து, நானும் பக்கத்தில் நின்று விரல்விட்டு மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.